மாத்திரையா, தெரபியா? மனநல ஓ.பி. எப்படி வேலை செய்கிறது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

எபிசோடுக்குள் போவதற்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, தெரபிஸ்ட்டும் இல்லை. மன அழுத்தத்துக்காக ஒன்றரை வருஷமாக மனநலப் பிரிவுக்குப் போய்வந்துகொண்டிருக்கிற ஓர் ஓ.பி. நோயாளி, அவ்வளவுதான். அதனால் நான் சொல்வதை வைத்து உங்க மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ செய்யாதீங்க. உங்க டாக்டரிடம் என்ன கேட்கணும் என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்க.

மனநலம் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்பாக்ஸில் மூன்று வகைக் கேள்விகள் வந்து விழுகின்றன. முதல் வகை: "சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போனா மாத்திரைதானே தருவாங்க, நேரா தெரபிக்கே போயிடலாமா?" இரண்டாவது: "அஞ்சு நிமிஷம் பேசிட்டு சீட்டு எழுதிட்டாங்க. என்னை முழுசா பார்த்தாங்களா இல்லையான்னே தெரியல."

மூன்றாவது போன மாசம் வந்த ஒரு மெயில். எழுதியவருக்கு 24 வயசு, ஐ.டி. வேலை. "மூணு வாரமா மாத்திரை சாப்பிடறேன். அம்மா ஸ்ட்ரிப்பைப் பார்த்துட்டாங்க. பைத்தியத்துக்குச் சாப்பிடற மாத்திரையா இது, உடனே நிறுத்துன்னு அழறாங்க. எனக்கும் பெரிசா எந்த வித்தியாசமும் தெரியல. நிறுத்திடவா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். ஆனால் அதுக்கு, மனநல ஓ.பி. என்பதன் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்கணும்.

போய்ட்டு வீட்டுக்கு வர்ற சிகிச்சை

நம்ம ஊரில் மனநல மருத்துவமனை என்றதும் பலருக்கு மனசில் வருவது சினிமாவில் பார்த்த கம்பிக் கதவும் வெள்ளை உடையும்தான். "கீழ்ப்பாக்கம்" என்கிற ஊர்ப்பெயரையே ஒரு கிண்டல் வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். 1794-ல் தொடங்கிய அந்த மருத்துவமனை இன்றைக்கு அரசு மனநலக் காப்பகம். அங்கேயும்கூட காலையில் வந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் வீடு திரும்புகிற புறநோயாளிகள் தினமும் வருகிறார்கள். மனச்சோர்வு, பதற்றம், பேனிக், ஓ.சி.டி. மாதிரி பிரச்சினைகளுக்குப் பெரும்பாலான நேரம் ஓ.பி. சிகிச்சையே போதும். அட்மிஷன் வரைக்கும் போவது குறைவு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலும் ஓ.பி. நடக்கிறது. சீட்டு, ஆலோசனை, மாத்திரை எல்லாம் இலவசம். தனியார் கிளினிக்குகளும் நிறைய இருக்கின்றன. யாரைக் கேட்பது, எங்கே போவது என்றே தெரியவில்லையா? 14416-க்கு போன் பண்ணுங்க. 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் என்கிற அரசு உதவி எண் அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இதெல்லாம் இருந்தும் யார் போகிறார்கள்? 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் கேட்டார்கள். பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அதில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். அதாவது மெயில் அனுப்பிய அந்தத் தோழி ஏற்கெனவே ரொம்ப அரிதான ஒரு வேலையைச் செய்துவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்.

யார் யாரு?

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துடலாம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதுக்கு மேலே மனநல மருத்துவம் படித்த டாக்டர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவது அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியல் படித்து, மருத்துவமனைப் பயிற்சியோடு எம்.ஃபில். போன்ற படிப்பை முடித்தவர். உளவியல் பரிசோதனைகளும் தெரபியும் அவர் வேலை. மருந்து எழுதமாட்டார். இவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கணும். "உங்க ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் மனநல சமூகப் பணியாளரும் இருப்பார். குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுவது, வேலை, படிப்பு, சலுகைகள் பற்றி வழிகாட்டுவது எல்லாம் அவர் பார்ப்பார்.

இன்ஸ்டாகிராமில் "மைண்ட் கோச்" என்று போட்டிருக்கிறவர் இந்த மூன்றில் யாரும் கிடையாது. நல்லவராக இருக்கலாம். ஆனால் உங்க நோய்க்கு அவரை நம்பி உட்காரக் கூடாது.

முதல் நாள்: மதிப்பீடு

மனநல சிகிச்சை மாத்திரையில் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறது. எப்போதிலிருந்து இப்படி இருக்கு? தூக்கம் எப்படி? படுத்ததும் வராதா, இல்லை விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதா? பசி? எடை? வேலையில் கவனம்? குடிப்பழக்கம் இருக்கா? வீட்டில் வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா? "சாகணும்னு தோணியிருக்கா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடாதா என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேரடியாகக் கேட்கும்போது பெரும்பாலானவர்களுக்கு நிம்மதிதான் வருகிறது, சொல்ல ஓர் இடம் கிடைத்ததே என்று. இன்னொரு பயம்: "சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமா?" ஆகாது. எண்ணத்தைச் சொல்வது எப்போதுமே குற்றம் இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும் என்கிறது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். அவருக்கு சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

சில கேள்விகள் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். உதாரணமா, "எப்பவாவது சில நாள் சரியா தூங்காமலே ரொம்ப சுறுசுறுப்பா, எதையும் சாதிச்சுடலாம்ங்கிற மாதிரி இருந்திருக்கா? அப்போ கண்டபடி செலவு பண்ணியிருக்கீங்களா?" நான் உள்ளே போனது சோர்வுக்காக. இவர் ஏன் சுறுசுறுப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது. பைபோலார் நோயிலும் சோர்வுக் கட்டம் வரும். வெளியே பார்த்தால் அதுவும் மனச்சோர்வு மாதிரியேதான் இருக்கும். ஆனால் அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து மேனியா வந்துவிடலாம். அந்த ஒரு கேள்வி, மொத்த சீட்டையும் மாற்றக்கூடிய கேள்வி.

அடுத்து ரத்தப் பரிசோதனை. "மனசுக்கு எதுக்கு ரத்தம்?" தைராய்டு குறைந்தால் சோர்வு, மந்தம், எடை கூடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாமே வரும். ரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைபாடும் அசதியைக் கொடுக்கும். அதையெல்லாம் பார்க்காமல் மனச்சோர்வு என்று முத்திரை குத்தக் கூடாது.

நம்ம ஊரில் இதன் மறுபக்கமும் நடக்கிறது. பலர் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு படபடங்குது", "தலை பாரமா இருக்கு", "கேஸ் வந்து அடைக்குது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று வந்த பிறகு, யாரோ ஒரு டாக்டர் தயங்கித் தயங்கி மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். படபடப்பு நிஜம். அதன் வேர் இதயத்தில் இல்லை, பதற்றத்தில் இருக்கிறது.

ஒன்பது கேள்வி

மதிப்பீட்டில் உங்க கையில் ஒரு தாள் வரலாம். அனேகமாக அது பி.எச்.கியூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்: இல்லவே இல்லை, சில நாள், பாதிக்கு மேற்பட்ட நாள், கிட்டத்தட்ட தினமும். மொத்தம் 27. 5-லிருந்து லேசான சோர்வு, 10-லிருந்து மிதமானது, 15-லிருந்து சற்றே கடுமையானது, 20-க்கு மேலே கடுமையானது என்று கணக்கு.

இந்த எண் மட்டுமே நோயறிதல் ஆகிவிடாது. இணையத்தில் நீங்களே போட்டுப் பார்த்து "எனக்கு 16, நான் டிப்ரஷன்" என்று முடிவு கட்டக் கூடாது. நேற்று வேலை போனவருக்கும், போன வாரம் அப்பாவை இழந்தவருக்கும் எண் ஏறும். எண்ணின் உண்மையான பயன் முதல் நாளில் தெரிவதை விட ஆறாவது வாரத்தில் அதிகமாகத் தெரியும். அதுக்குப் பின்னாடி வருகிறேன்.

மாத்திரை: முதல் மூன்று வாரம்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பெரும்பாலும் முதலில் எழுதுவது எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் எல்லாம் அந்தக் குடும்பம். மூளையின் நரம்பு செல்கள் செரட்டோனின் என்கிற வேதிப்பொருளை வெளியே விட்டு, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த மருந்து அந்த இழுப்பைத் தடுக்கிறது. "செரட்டோனின் கம்மி, மாத்திரை போட்டா நிரம்பிடும்" என்று டாங்க்கில் தண்ணி ஊற்றுகிற மாதிரி சொல்வார்கள். விஷயம் அவ்வளவு எளிமையானது இல்லை. தடுக்கிற வேலை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். ஆனால் மனநிலை மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், மூளை அந்த மாற்றத்துக்கு மெல்ல மெல்லப் பழக வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நம்ம தோழியின் மூன்று வாரம் வருகிறது. இந்த மாத்திரைகளில் தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும். முதல் வாரமே குமட்டல், தலைவலி, வயிறு சரியில்லாமல் போவது, தூக்கம் கெடுவது, சிலருக்கு ஒருவித பரபரப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் இது அடங்கும். பலன் மெல்லத் தலைகாட்டுவது இரண்டிலிருந்து நாலு வாரத்தில், முழுசாகத் தெரிய ஆறு, எட்டு வாரம் வரை ஆகலாம். அப்படின்னா மூன்றாவது வாரம் என்பது செலவெல்லாம் பண்ணிவிட்டு வரவு வருவதற்குள் கடையை மூடுகிற நேரம். நிறைய பேர் நிறுத்துவது சரியாக இந்த இடத்தில்தான்.

ஆனால் இரண்டு விஷயத்தைப் பொறுத்துக்கொண்டு இருக்கவே கூடாது. ஒன்று, 25 வயசுக்குக் கீழே இருப்பவர்கள். இந்த வயதினரில் சிலருக்கு மாத்திரை தொடங்கிய ஆரம்ப வாரங்களிலும், டோஸ் மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறார்களுக்கும், 2007-ல் 24 வயது வரையிலானவர்களுக்கும் இந்த எச்சரிக்கையை மருந்து அட்டையிலேயே போட வைத்தது. அதனால் மாத்திரையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆரம்பத்தில் அடிக்கடி ரிவ்யூ வேண்டும், வீட்டில் ஒருத்தராவது கவனித்துக்கொண்டிருக்கணும் என்று அர்த்தம். எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லணும்.

இரண்டாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: பாலுறவு ஆர்வம் குறைவது, உச்சநிலை தாமதமாவது. இது சிலருக்குத் தானாகப் போவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல், மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். டாக்டர் தினமும் கேட்கிற விஷயம்தான் அது.

"பழக்கமாயிடுமே?" எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைக்குக் குடி மாதிரியோ சிகரெட் மாதிரியோ ஏக்கம் வருவதில்லை. அதிகமாக வேணும், இன்னும் வேணும் என்று கை தேடாது. ஆனால் உடல் அதுக்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு எல்லாம் வரலாம். அதனால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். நிஜமாகவே பழக்கமாகக்கூடிய மருந்து வேறே: குளோனாசெபாம், ஆல்பிரசோலாம் மாதிரி பதற்றத்தைச் சட்டென்று அடக்குகிற மாத்திரைகள். அவை ஆரம்ப வாரங்களைத் தாண்ட, கொஞ்ச நாளைக்கு மட்டும். உங்க சீட்டில் இரண்டு மாத்திரை இருந்தால், "இதில் எது கொஞ்ச நாளுக்கு, எது நீண்ட நாளுக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்க. பழைய சீட்டை நீட்டி மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. நல்லா ஆனதும் நிறுத்திவிட முடியாது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாசம், பல நேரம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாசம் தொடரச் சொல்வார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டால் வலி போன அன்றைக்கே கட்டைப் பிரிக்கிறோமா? அது மாதிரிதான்.

பேச்சு: அறிவுரை இல்லை

சரி, தெரபி. "பேசி என்ன ஆகப்போகுது? நம்ம ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசாததா?" ஃப்ரெண்ட் ஆறுதல் சொல்வார், அது வேண்டியதுதான். தெரபிஸ்ட் ஒரு முறையை வைத்து வேலை செய்கிறார். அதிகம் ஆராயப்பட்ட முறை சி.பி.டி., சிந்தனை-நடத்தை சிகிச்சை. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வளர்த்தெடுத்தது. வாரம் ஒரு தடவை, 45, 50 நிமிஷம், சுமார் 12-லிருந்து 20 செஷன் வரை போகும்.

ஓர் உதாரணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜரிடமிருந்து மெசேஜ்: "மண்டே கொஞ்சம் பேசணும்." உடனே மனசு சொல்கிறது, "வேலை போச்சு." அந்த எண்ணம் வந்ததும் வயிறு பிசைகிறது. சனி, ஞாயிறு போர்வைக்குள்ளேயே போகிறது. நண்பர்களின் போனை எடுப்பதில்லை. படுத்தே கிடப்பதால் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிற எண்ணத்துக்கு இன்னும் தீனி கிடைக்கிறது. எண்ணம், உணர்வு, செயல் மூன்றும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே சுற்றும் செக்கு அது. சி.பி.டி.-யில் அந்த எண்ணத்தைத் தாளில் எழுதச் சொல்வார்கள். ஆதரவாக என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், வேறு என்னவாக இருக்கலாம் என்று பிரிப்பார்கள். "பாசிட்டிவா நினை" என்று சொல்லமாட்டார்கள். நினைப்பு உண்மையா என்று சோதிக்கச் சொல்வார்கள். கூடவே வீட்டுப்பாடம்: ஞாயிற்றுக்கிழமை காலை மனசு வராவிட்டாலும் பத்து நிமிஷம் தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வரணும். மனசு வந்த பிறகு செய்வது என்று இல்லை, செய்த பிறகு மனசு வருமா என்று பார்ப்பது.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் தெரபி என்றால் இங்கிலீஷில்தான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு இங்கிலீஷில் "ஐ ஃபீல் லோ" என்று சொல்வது ரொம்பச் சுலபமாக இருந்தது. "எனக்குன்னு யாரும் இல்லாத மாதிரி இருக்கு" என்று தமிழில் சொன்ன அன்றைக்குத்தான் தொண்டை அடைத்தது. தமிழில் செஷன் வேணும் என்று கேட்பது உங்க உரிமை. கேளுங்க.

இரண்டும் சேரும்போது

இப்போது முதல் கேள்வி: மாத்திரையா, தெரபியா? பதில் நோயையும் அதன் கடுமையையும் பொறுத்தது. லேசான மனச்சோர்வுக்குத் தெரபியிலேயே தொடங்கலாம். மனச்சிதைவு, பைபோலார் மாதிரி நோய்களுக்கு மருந்துதான் அஸ்திவாரம், அதன் மேல்தான் மற்றதெல்லாம். நடுவில் இருக்கிற மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு இரண்டையும் சேர்ப்பது ஒன்றை மட்டும் செய்வதை விட நல்ல பலன் தருகிறது.

ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரிடம் நடந்தது, 2004-ல் வெளியானது. பன்னிரண்டு வாரம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள்: மருந்தும் சி.பி.டி.-யும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம், மருந்து மட்டும் 61, சி.பி.டி. மட்டும் 43, வெறும் போலி மாத்திரை 35. கதை அதோடு முடியவில்லை. 36-வது வாரத்தில் சேர்த்துப் பெற்றவர்கள் 86, மற்ற இரண்டு குழுவும் ஆளுக்கு 81. தெரபி மட்டும் எடுத்தவர்களும் கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தவர்கள் சீக்கிரம் வந்தார்கள். பரீட்சையும் வேலையும் உறவும் காத்திருக்கிற வயசில், அந்த ஆறு மாசம் சின்ன விஷயமா?

ஏன் சேரணும் என்பது என் அனுபவத்திலேயே தெரிந்தது. முதல் நாள் என் எண் 19. ஆறாவது வாரம் 12. மாத்திரையால் தூக்கமும் பசியும் திரும்பின, மூணு மணி முழிப்பு நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போர்வையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. டாக்டர் அந்தத் தாளில் எந்தக் கேள்விகளில் இன்னும் 3 போட்டிருக்கிறேன் என்று பார்த்தார். டோஸைக் கூட்டவில்லை, சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். ஐந்தாவது மாசம் எண் 6. தூக்கமே இல்லாத தலையை வைத்துக்கொண்டு முதல் வாரத்தில் அந்த வீட்டுப்பாடத்தைச் செய்திருக்க என்னால் முடியாது. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அப்படியேதான் இருந்திருக்கும்.

எல்லோருக்கும் முதல் மாத்திரை பொருந்திவிடாது. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்கிற பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் முழுசாக நீங்கியவர்கள் சுமார் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு டோஸை மாற்றணும், மருந்தை மாற்றணும், தெரபி சேர்க்கணும். இதை எப்போது செய்வது என்று எது சொல்லும்? அந்த ஒன்பது கேள்வித் தாள்தான். அதனால்தான் மதிப்பீடு என்பது முதல் நாளோடு முடிகிற வேலை இல்லை. மாத்திரையையும் தெரபியையும் கட்டி வைக்கிற கயிறே அதுதான். மறுபடி மறுபடி அளந்து பார்க்காவிட்டால், வேலை செய்யாத சிகிச்சையிலேயே மாசக்கணக்கில் உட்கார்ந்திருப்போம்.

அஞ்சு நிமிஷப் பிரச்சினை

இரண்டாவது கேள்வி. கூட்டமான ஓ.பி.-யில் அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கிறது, உண்மை. ரிவ்யூவுக்கு அஞ்சு நிமிஷம் போதலாம். முதல் மதிப்பீட்டுக்குப் போதாது. முதல் தடவையே அவசரமாக முடிந்துவிட்டால், "என் நோய்க்கு என்ன பெயர்? வேற எதாவது இருக்கலாமா?" என்று கேளுங்க. பதிலே வரவில்லையென்றால் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம்.

அந்த அஞ்சு நிமிஷத்தையும் உருப்படியாக்கலாம். அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்க: போன தடவையிலிருந்து தூக்கம், பசி, மாத்திரை விட்டுப்போன நாட்கள், பக்கவிளைவு, இந்த வாரத்து எண். டாக்டர் ஓரிடத்திலும் தெரபிஸ்ட் வேறிடத்திலும் இருந்தால், அவர்கள் தானாகப் பேசிக்கொள்வார்கள் என்று நினைக்காதீங்க. சீட்டின் நகலை ஒரே ஃபைலில் போட்டு இரண்டு இடத்துக்கும் எடுத்துப் போங்க.

பணம்? அரசு ஓ.பி. இலவசம், ஆனால் அங்கே வாராந்திர தெரபிக்குக் காத்திருக்க நேரலாம். தனியாரில் ஒரு செஷனுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேலே கேட்கும் இடங்கள் நிறைய. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாக இன்ஷூரன்ஸ் தரணும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் அட்மிஷனுக்கு மட்டுமே பணம் தருகின்றன, ஓ.பி.-க்கு இல்லை. உங்க கம்பெனி பாலிசியில் ஓ.பி. கவர் இருக்கா என்று இன்றைக்கே பாருங்க. மருந்தை ஜெனரிக்கில் வாங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்க, செலவு கணிசமாகக் குறையும்.

அம்மாவிடம் என்ன சொல்வது

இப்போது அந்த மெயிலுக்கு நேராக. தோழி, இன்றைக்கு நிறுத்தாதீங்க. டாக்டரிடம் ரிவ்யூவை முன்னாடி தள்ளிக் கேளுங்க. மூன்று விஷயம் சொல்லுங்க: வித்தியாசம் தெரியவில்லை, வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது, பக்கவிளைவு இன்னது. ஆறு வாரம் கழித்தும் அசைவில்லை என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லி நீங்களே கேட்கலாம். மூன்றாவது வாரத்தில் அந்த முடிவுக்கு வர முடியாது.

அம்மாவின் அழுகைக்குப் பின்னாடி இருப்பது கோபம் இல்லை, பயம். "நாளைக்குக் கல்யாணத்துக்குக் கேட்டா என்ன சொல்றது", "நான் வளர்த்ததுல என்ன குறை" என்கிற பயம். அதை வாதத்தால் தீர்க்க முடியாது. "அம்மா, சுகருக்கு மாத்திரை மாதிரி" என்று ஆயிரம் தடவை சொல்வதை விட, ஒரு தடவை அவரை ஓ.பி.-க்குக் கூட்டிக்கொண்டு போங்க. அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை, காலேஜ் பையனை, பேங்க் ஊழியரை, பேத்தியோடு வந்த பாட்டியை அவர் கண்ணால் பார்க்கட்டும். கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணணும் என்றால் போய் வாங்க. அதுவும் மாத்திரையும் சண்டை போடுவதில்லை.

கூட்டிப் போக முடியாத வீடாக இருந்தால்? 18 வயசு முடிந்தவருக்கு ஓ.பி. சிகிச்சைக்கு வீட்டார் அனுமதி தேவையில்லை. உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது 2017 சட்டப்படி உங்க உரிமை. உங்க அலுவலகத்துக்கோ உறவினருக்கோ டாக்டர் போன் பண்ணிச் சொல்லமாட்டார். உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சூழல்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு.

அந்த ஆபத்தையும் சொல்லித்தான் ஆகணும். சாவதற்கு வழி யோசித்துத் திட்டம் போடுகிற அளவுக்குப் போனாலோ, நாட்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலோ, யாரோ கட்டளையிடுகிற குரல் கேட்டாலோ, அது ஓ.பி. தேதிக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. 108-ஐக் கூப்பிடலாம். பக்கத்தில் இருப்பவர் அவரைத் தனியாக விடக் கூடாது. சில நாள் அட்மிஷன் தேவைப்பட்டால் அதில் தோல்வி எதுவும் இல்லை. மறுபடி ஓ.பி.-க்குத்தான் திரும்பி வரப்போகிறோம்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது நாலே நாலு கேள்வி கொண்டு போங்க: என் நோய்க்குப் பெயர் என்ன? இந்த மாத்திரை எத்தனை வாரத்தில் பலன் தரணும்? பலன் தராவிட்டால் அடுத்த திட்டம் என்ன? எனக்குத் தெரபி சேர்க்கணுமா? இதைக் கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்காதீங்க. பதில் வாங்காமல் எழுந்திருக்காதீங்க.

மெயில் அனுப்பிய தோழி, ஆறாவது வாரம் எப்படி இருந்தது என்று எழுதுங்க. மத்தவங்க, இந்த எபிசோடை யாருக்கு அனுப்பணும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாம், மக்களே.